சூப்பர்சார்ஜர் மூணு வகை: ஏற்காடு ஏற எது, ட்ராக்குக்கு எது?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் உலைக்குக் காற்று ஊதும் ப்ளோயரைப் பார்த்திருப்பீர்கள். திருச்செங்கோட்டில் இருந்து இந்தியா முழுக்கப் போகிற போர்வெல் ரிக் வண்டிகளின் கம்ப்ரஸர் இரைச்சலையும் கேட்டிருப்பீர்கள். கார் பிரியர்கள் லட்சக்கணக்கில் செலவழித்து இன்ஜினில் மாட்டத் துடிக்கும் சூப்பர்சார்ஜர் இவற்றுக்கு நெருங்கிய சொந்தம்தான்.

"எந்த வகை பெஸ்ட்?" என்று கேட்டால், பெரும்பாலும் குதிரைத்திறன் கணக்குதான் பதிலாக வரும். 600, 700 என்று நம்பர் ஏறிக்கொண்டே போகும். அந்த நம்பர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுற்றும்போது கிடைப்பது. தினமும் நாம் எந்த ஆர்பிஎம்மில் ஓட்டுகிறோம்? அதைக் கேட்டுவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

டர்போவும் இதுவும் ஒண்ணா?

வேலை ஒன்றுதான். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்தால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், பவர் கூடும். நாமக்கல் லாரிகளில் இருப்பது டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றுவது. சூப்பர்சார்ஜரை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. அதனால் புகை வேகம் பிடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் ஓசியில் எதுவும் வராதே! 707 குதிரைத்திறன் கொண்ட அமெரிக்காவின் டாட்ஜ் ஹெல்கேட்டில், சூப்பர்சார்ஜரைச் சுற்றுவதற்கே சுமார் 80 குதிரைத்திறன் போகிறது. ஒரு மாருதி ஸ்விஃப்ட்டின் மொத்த பவரே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ரூட்ஸ்: காருக்கு முன்பே பிறந்தது

அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற காற்று ஊதி இது. அப்போது கார் ஏது? உலைகளுக்குக் காற்று ஊதத்தான் பயன்பட்டது. இன்றைக்கும் அபார்ட்மென்ட் கழிவுநீர்த் தொட்டிகளுக்குக் காற்று செலுத்தும் ப்ளோயர்களில் இந்த வகை உண்டு.

உள்ளே இரண்டு ரோட்டர்கள். காற்றை அள்ளி அந்தப் பக்கம் தள்ளும், அவ்வளவுதான், தானாக அழுத்தாது. தள்ளிய காற்று இன்ஜின் வாசலில் குவிந்துதான் அழுத்தம் உண்டாகிறது. நன்மை, குறைந்த ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்ட். கெடுதல், காற்று கண்டபடி சூடாகும். ஈட்டன் நிறுவனம் ரோட்டர்களை முறுக்கி வடிவமைத்து இந்தக் குறையைக் கணிசமாகக் குறைத்தது. அந்த வரிசையின் பெயர் டிவிஎஸ். மதுரைக்காரர்கள் காலரைத் தூக்க வேண்டாம், இது 'ட்வின் வோர்ட்டிசஸ் சீரிஸ்'. 2013-ல் இந்தியாவுக்கு வந்த ஜாகுவார் எஃப்-டைப்பில் இருந்தது இந்த வகைதான்.

ட்வின் ஸ்க்ரூ: ரிக் வண்டியின் தம்பி

ஸ்வீடன் பொறியாளர் ஆல்ஃப் லிஷோல்ம் 1930-களில் உருவாக்கியது. இரண்டு திருகுகள் ஒன்றுக்குள் ஒன்று சுற்றும்போது, மரைகளுக்கு நடுவே சிக்கிய காற்று நகர நகர இடம் சுருங்கி, உள்ளேயே அழுத்தப்பட்டு வெளியே வருகிறது. ரிக் கம்ப்ரஸரும் இதே ஸ்க்ரூ சூத்திரம்தான். கோவையின் எல்ஜி நிறுவனம் இந்த வகை கம்ப்ரஸர்களைத் தயாரிக்கிறது.

வித்தியாசம் ஆயிலில் இருக்கிறது. ரிக்கில் திருகுகள் மேல் ஆயிலைப் பீய்ச்சுவார்கள். சூட்டையும் எடுக்கும், இடுக்கையும் அடைக்கும். காரில் அது நடக்காது, ஆயில் கலந்த காற்று இன்ஜினுக்குள் போகக் கூடாது. அதனால் ஒன்றையொன்று தொடாமல், நூலிழை இடைவெளியில் சுற்றுமளவுக்குத் திருகுகளைக் கடைய வேண்டும். விலை எகிறுவது இங்கேதான். ஹெல்கேட்டில் இருப்பது இந்த வகை.

சென்ட்ரிஃப்யூகல்: பாதி டர்போ

டர்போவில் காற்றுத் தள்ளும் பாதியை மட்டும் எடுத்து பெல்ட் மாட்டியது போல. கை ப்ளோயர் ஞாபகம் இருக்கிறதா? கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால் கரி சும்மா கிடக்கும், வேகம் பிடித்தால் தீ சீறும். இதுவும் அப்படியே. பூஸ்ட் கிட்டத்தட்ட வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 6,000 ஆர்பிஎம்மில் 8 பிஎஸ்ஐ தரும் கிட், 3,000-த்தில் 4 தராது. 2 தான் தரும். 2015-ல் இந்தியாவுக்கு வந்த கவாஸாகி நிஞ்ஜா ஹெச்2 பைக்கில் இந்த வகைதான். வெறும் 69 மி.மீ. சக்கரம், நிமிடத்துக்கு சுமார் 1,30,000 சுற்று!

சரி, எதை எடுக்கலாம்?

2016-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் 5.0 லிட்டர் வி8-ஐ வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் இந்தக் காருக்கு ரூஷ் கிட் என்றால் ரூட்ஸ் வகை, விப்பிள் என்றால் ட்வின் ஸ்க்ரூ, ப்ரோசார்ஜர் என்றால் சென்ட்ரிஃப்யூகல்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து, 2,000 - 3,000 ஆர்பிஎம்மில் இருந்து மறுபடி இழுக்க வேண்டும். அந்த இடத்தில் சென்ட்ரிஃப்யூகல் தூங்கிக்கொண்டிருக்கும். ரூட்ஸ் முழுசாக விழித்திருக்கும், ஆனால் சேலத்து ஏப்ரல் வெயிலில், மெதுவான ஏற்றத்தில், ஏழாவது எட்டாவது வளைவுக்குள் காற்று சூடாகிவிடலாம். சூடு கூடினால் 'நாக்கிங்' வராமல் இருக்க இசியு தானாகவே பவரைக் குறைக்கும். அதனால் நல்ல இன்டர்கூலருடன் ட்வின் ஸ்க்ரூ, இதுதான் என் ஓட்டு. ஒரு விஷயம்: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சேலத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் மெலிசு. டர்போ கூடுதல் வேகத்தில் சுற்றி ஓரளவு ஈடுகட்டும். பெல்ட்டுக்கு அந்த வித்தை தெரியாது.

கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போனால் கதை மாறும். அங்கே ஆர்பிஎம் கீழே இறங்காமல் ஓட்டுவீர்கள். சென்ட்ரிஃப்யூகல் காற்றை அவ்வளவு சூடாக்காது, பவர் படிப்படியாக ஏறுவதால் வளைவில் இருந்து வெளியே வரும்போது பின் டயர் சறுக்குவதும் குறைவு.

ரோட்டில் ஓட்டலாமா?

இங்கேதான் சிக்கல். ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. பிரிவு 182ஏ(4)-ன்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூடக் கிடைக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாட்டிவிட்டு, தொப்பூர் இறக்கத்தில் ஏதாவது நடந்தால் க்ளெய்ம் நிற்பது கஷ்டம். கிட் எல்லாம் ட்ராக்குக்கு மட்டும் போகும் காருக்குத்தான்.

ரோட்டிலும் வேண்டும் என்றால், கம்பெனியிலேயே சூப்பர்சார்ஜர் மாட்டி வந்த பழைய எஃப்-டைப் மாதிரி வண்டியைத் தேடலாம். பார்க்கப் போகும்போது இன்ஜினை ஐடிலில் விட்டு, பானெட்டைத் திறந்து, பெல்ட் பக்கம் காது கொடுங்கள். கடகடவென்று கூழாங்கல் உருளும் சத்தம் வந்தால் சூப்பர்சார்ஜர் கப்ளர் தேய்ந்திருக்கலாம். அந்தச் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.