மூளை அறுவைக்கு ஓர் ஒத்திகை

2009 ஆகஸ்டில், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில், டாக்டர் டேவிட் கிளார்க் ஒரே நோயாளியின் மூளைக்கட்டியை இரண்டு முறை அகற்றினார். முதல் முறை கணினியில். நோயாளியின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களைக் கொண்டு உருவாக்கிய மெய்நிகர் மூளையில் ஒத்திகை பார்த்த பிறகே அவர் நிஜ அறுவையைத் தொடங்கினார். குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கென இப்படி ஒத்திகை நடத்திச் செய்த முதல் மூளை அறுவை இது என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கருவியின் பெயர் நியூரோடச். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியது.

இதில், அறுவை மைக்ரோஸ்கோப்பில் தெரிவதுபோல மூளை முப்பரிமாணத்தில் தெரியும். அது நாடித் துடிப்புக்கேற்பத் துடிக்கும். தவறான இடத்தில் அறுவைக் கருவியின் நுனி பட்டால் ரத்தம் கசியும். மருத்துவரின் கைகளில் அறுவைக் கருவிகளின் பிடிகள் இருக்கும். ஒன்று, கட்டியை மீயொலியால் உடைத்து உறிஞ்சுவது. மற்றொன்று, ரத்தக் கசிவைச் சுட்டு அடைப்பது.

காட்சியைவிடக் கடினமான வேலை தொடு உணர்வைத் தருவதுதான். நல்ல மூளைத் திசு தயிர்போல் இளகியது. பல கட்டிகள் அதைவிடக் கெட்டியானவை. ஆனால் நிறத்தில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். கட்டி எங்கே முடிகிறது என்பதைக் கருவியின் நுனி வழியே விரல்தான் உணர வேண்டும். நுனி படும் திசு எவ்வளவு அமுங்கும், எவ்வளவு எதிர்க்கும் என்று கணினி கணக்கிடுகிறது. பிடியோடு இணைந்த மோட்டார்கள் அந்த விசையைக் கைக்குத் தருகின்றன. கண்ணுக்கு நொடிக்கு 60 படங்கள் போதும். கைக்கோ, விசையை நொடிக்குச் சுமார் 1000 முறை புதுப்பிக்க வேண்டும்.

இத்தகைய கருவி கையின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்கிறது. மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாணவர் முதல் நிபுணர் வரை 50 பேர் செய்த 250 மெய்நிகர் அறுவைகளை அலசி, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறே அளவீடுகளைக் கொண்டு, ஒருவர் எந்தப் பயிற்சி நிலையில் இருக்கிறார் என்பதை அவர்களுடைய கணினி நிரல் 90% சரியாகச் சொன்னது.

ஒத்திகை எல்லாவற்றையும் காட்டிவிடாது. மண்டையோட்டைத் திறந்ததும் மூளைத் தண்டுவட நீர் வடியும்; மூளை சற்றே இடம் நகரும்; சில நேரம் வீங்கவும் செய்யும். அப்போது முடிவெடுக்க அனுபவமுள்ள மூத்த மருத்துவர் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் வெட்டுப்பட்ட மூளைத் திசு மீண்டும் வளராது. இளம் மருத்துவரின் கை பழகும்போது நேரும் பிழைகள் மெய்நிகர் மூளையோடு முடிந்துபோவதே நோயாளிக்கு நாம் செய்யும் நியாயம்.