கைவிட்டுப் போகாத கல்வி

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் எவற்றையெல்லாம் உடன் கொண்டுவந்தோம் என்று எண்ணிப் பார்த்தால் பட்டியல் நீளும். இட்டலிக் கொப்பரை வந்தது, குத்துவிளக்கு வந்தது, குலதெய்வத்தின் படம் வந்தது, இனிய தமிழும் வந்தது. ஆனால் நம் பாட்டிமாரின் விரல்களில் குடியிருந்த வித்தை நம்முடன் மும்பை வந்து சேர்ந்ததா? இக்கேள்வியைச் சென்ற பொங்கல் விழா நம்முன் எழுப்பியது.

விழாவில் வழக்கம்போல் கோலப் போட்டி நடைபெற்றது. சிறுவர் பிரிவில் பெயர் கொடுத்திருந்தோர் 11 பேர். தொடங்கிக் கால் மணி நேரம் ஆவதற்குள், 11 கட்டங்களில் 8 கட்டங்களில் அன்னையரே குனிந்து கோலமிட்டுக் கொண்டிருந்தனர். பிள்ளைகளோ வண்ணப்பொடிக் கிண்ணங்களை ஏந்தி அருகே நின்றனர். அவர்களுள் ஒரு சிறுமியை நோக்கி, “நீயே போடலாமே, அம்மா?” என்றோம். “எங்கள் வீட்டு வாசலில் ஒட்டுக் கோலம்தான் மாமா. எனக்குப் போடத் தெரியாதே!” என்றாள்.

அக்குழந்தையின்மீது குற்றமில்லை. ஆண்டுதோறும் பரிசு வழங்கிவந்த நாம், ஒருநாளேனும் அவளுக்குக் கற்றுக்கொடுத்தோமா? போட்டி நடத்தினோம், வகுப்பு நடத்தவில்லை. இந்தக் குறையை உணர்ந்த பின்னரே, ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்ததும், ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் கைவினை வகுப்பொன்றைத் தொடங்கினோம்.

முதல் ஆசிரியராக எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவரை அழைத்தோம். “எனக்குச் சொல்லிக்கொடுக்க வராதுப்பா, போடத்தான் வரும்” என்று அவர் தயங்கினார். அதுவே போதும் என்று அழைத்து வந்தோம். கூடத்தின் வழவழப்பான தளத்தில் மாவு நில்லாது ஓடியமையால், கரும்பலகைகளைத் தரையில் கிடத்தினோம். மழைக்காலத்து ஈரத்தில் அரிசி மாவு கட்டி தட்டியது. பாட்டி அதை வாணலியில் இலேசாகச் சூடுகாட்டி, சலித்து எடுத்துக்கொண்டார். மிகவும் நைசான மாவு விரலில் ஒட்டும், சற்றுக் கொரகொரப்பான மாவே சீராக இறங்கும் என்று அவர் சொன்னபோது, பிள்ளைகளைவிட உடன் வந்திருந்த தாய்மாரே உன்னிப்பாகக் கேட்டனர்.

ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று எனப் புள்ளிகள் வைத்து, அவற்றைச் சுற்றிச் சுற்றிக் கோடு இழுப்பது முதற்பாடம். சொல்லிக் கொடுக்க வராது என்ற பாட்டி, சொல்லாமலே கற்பித்தார். பிள்ளையின் விரல்மேல் தம் விரலை வைத்து இரண்டு வளைவு இழுத்தார். மூன்றாவது வளைவில் கையை எடுத்துக்கொண்டார். இதைவிடச் சிறந்த போதனா முறையை நாம் எங்கும் கண்டதில்லை.

கோலம் பெண்பிள்ளைகளுக்கே உரியது என்று எண்ணித் தந்தையர் சிலர் தம் புதல்வர்களை அனுப்பத் தயங்கினர். அவர்களுக்கு ஒரு செய்தி சொன்னோம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், அவருடன் ஆய்ந்த ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் கோலத்தில் மறைந்துள்ள கணித இலக்கணத்தை ஆராய்ந்து 1974ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். வாசற்கோலம் கணினி அறிவியலாருக்கு ஆய்வுப் பொருளாயிற்று. கணக்கு என்ற சொல் காதில் விழுந்ததும், அடுத்த ஞாயிறு பையன்கள் 6 பேர் வந்து சேர்ந்தனர்!

கோலத்தை அடுத்து மண்வேலை கற்பிக்க விரும்பினோம். அதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டிய தேவையில்லை. மாட்டுங்காவிலிருந்தும் சயானிலிருந்தும் எட்டிவிடும் தொலைவிலேயே தாராவி இருக்கிறது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்த தமிழர் பலருக்கு வாழ்விடம் தந்த தாராவி அது. அங்கேயே கும்பார்வாடா என்னும் குயவர் குடியிருப்பும் உள்ளது. தீபாவளி வந்தால் அகல் வாங்க நம்மில் பலர் அங்குச் செல்வதுண்டு. விலை பேசுவோம், வாங்குவோம், திரும்புவோம். சக்கரம் சுழல்வதை நின்று பார்த்தவர் எத்தனை பேர்?

ஐப்பசிக்கு முன்னர் அங்குள்ள குயவர் ஒருவரை அணுகி, பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டினோம். தீபாவளி வேலை முடியட்டும் என்றார். பிறகு நாம் வாய்தவறி, “இது சமூக சேவைதானே, கட்டணம் ஒன்றும் இருக்காதல்லவா?” என்று இந்தியில் கேட்டுவிட்டோம். அவர் சினங்கொள்ளவில்லை. “உங்கள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்குப் பணம் கொடுக்கிறீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

நாம் தலைகுனிந்தோம். கலையைப் போற்றுகிறோம் என்று மேடையில் முழங்குகிறோம். கலைஞனின் ஒருநாள் உழைப்பை இனாமாகக் கேட்கிறோம். சக்கரத்தை நிறுத்தி நமக்காக அவர் செலவிடும் பொழுது, அவர் வீட்டு அடுப்பெரியும் பொழுது. அன்றே செயற்குழுவைக் கூட்டி, கற்பிக்கும் ஒவ்வொருவருக்கும், நம் பாட்டி உட்பட, ஊதியம் அளிப்பதென்று முடிவு செய்தோம். பாட்டி முதலில் மறுத்தார். பின்னர் உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைவேலைக்காகத் தமக்குக் கிடைத்த முதல் ஊதியம் அதுவே என்றார்.

தீபாவளி கழிந்த ஞாயிறு 18 பிள்ளைகளுடன் கும்பார்வாடாவுக்குச் சென்றோம். குயவரைக் “காகா” என்று அழைக்கவேண்டும் என்றதும் பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தனர். குஜராத்தியிலும் மராத்தியிலும் அது சிறிய தந்தையைக் குறிக்கும் மரியாதைச் சொல் என்று விளக்கினோம். காகாவின் முன்னோர் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களும் நம்மைப் போல் ஊர்விட்டு வந்தவர்களே. தலைமுறைகள் கடந்தும் அவர்கள் கையில் தொழில் நின்றது. நம் கையில் எது நின்றது என்ற எண்ணம் அங்கு நின்ற நம் எல்லோருக்கும் எழுந்தது.

மண்ணைப் பிசைந்து காற்றுக் குமிழிகளை நீக்குவதே அரை வேலை என்றார் காகா. சக்கரத்தில் கை வைத்துப் பார்த்த பிள்ளைகள் அனைவரின் மண்ணும் ஒருபுறம் சாய்ந்து விழுந்தது. ஆகவே கையாலேயே ஆளுக்கு 2 அகல்கள் செய்யச் சொன்னார். மொத்தம் 36 அகல்கள். நிழலில் உலர்த்தியபோதே 7 அகல்கள் வெடித்தன. ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருந்தால், மெல்லிய பக்கம் முந்தி உலர்ந்து சுருங்கும். தடித்த பக்கம் பின்தங்கும். இரண்டுக்கும் நடுவே விரிசல் காணும் என்று காரணம் காட்டினார். சூளையில் மேலும் 2 உடைந்தன. எஞ்சியவை 27. கைப்பேசியில் தவறினால் விரலால் தொட்டு அழித்துவிடும் பிள்ளைகளுக்கு, அழிக்க இயலாத தவறொன்று அன்று ஆசானாயிற்று.

இவ்வகுப்பைக் கேள்வியுற்று அண்டைவீட்டு மராத்தி அம்மையார் ஒருவரும் ரங்கோளிப் பொடியுடன் வந்தார். மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில் வாழும் வார்லிப் பழங்குடியினரைப் பற்றி அவரே பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தார். வார்லி இல்லங்களில் திருமணத்தின்போது சுமங்கலிப் பெண்கள் செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவுக் குழம்பால் சித்திரம் வரைவர்; மூங்கிற் குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கிக் கொள்வர். அக்கலையைச் சுவரிலிருந்து தாளுக்குக் கொண்டுவந்து உலகறியச் செய்த ஜிவ்யா சோமா மாஷே 2011இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2018இல் மறைந்தார். நம் வாசலிலும் அரிசி மாவு. அவர்கள் சுவரிலும் அரிசி மாவு! நாம் வாழவந்த மண்ணோடு உறவு கொண்டாட இதைவிட வேறென்ன வேண்டும்?

கைவினை வெறும் பொழுதுபோக்கு, பாடம் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோர் உளர். அவர்கள் ஒரு வரலாற்றை நினைவுகூர வேண்டும். கைத்தொழிலை நடுவாக வைத்துக் கல்வி புகட்டும் ஆதாரக் கல்வித் திட்டம், காந்தியடிகள் தலைமையில் 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் உருப்பெற்றது. அத்திட்டத்தை நடத்திய இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளராக உழைத்தவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை அதே வார்தாவிலிருந்து நடத்தியவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. நாம் வாழும் இதே மராட்டிய மண்ணில், ஊர்விட்டு வந்த தமிழர் இருவர் கைக்கு மதிப்புத் தேடினர். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 6 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர் 10 நாட்கள் புத்தகப்பையின்றித் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் தொழில் பழகவேண்டும் என்று கூறுகிறது.

பிற நகரங்களில் வாழும் நம் அன்பர்களும் இத்தகைய வகுப்பைத் தொடங்கலாம். செலவு அதிகமில்லை. முதலில் உங்கள் கட்டடத்திலேயே தேடுங்கள். பூத்தொடுக்கவோ, கூடை பின்னவோ, கொலுப்பொம்மைக்கு வண்ணம் தீட்டவோ அறிந்த கை ஒன்று எங்கேனும் ஓய்ந்திருக்கும். அடுத்து, அவ்வூர்க் கைவினைஞர் ஒருவரைத் தேடுங்கள். இருவருக்கும் ஊதியம் கொடுங்கள். முதலாண்டில் பரிசும் போட்டியும் வேண்டாம். முக்கியமாக, பிள்ளை தவறு செய்யும்போது பெற்றோர் தம் கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள்!

கார்த்திகைத் திருநாளன்று நம் கட்டடத்து நுழைவாயிலில், பொங்கலன்று கிண்ணம் ஏந்தி நின்ற அதே சிறுமி கோலமிட்டாள். இரண்டிடத்தில் கோடு கோணிற்று. அவள் அன்னை பதறிக் குனிந்தார். பாட்டி அந்தக் கையைப் பற்றி, “விடும்மா, அவளே பார்த்துக்குவா” என்றார். சிறுமி சற்றே நிமிர்ந்து பார்த்தாள், ஒரு வளைவை அழித்தாள், மீண்டும் இழுத்தாள். கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் தம் கையால் செய்த 27 அகல்களையும் அதன்மேல் ஏற்றிவைத்தனர். ஒருபுறம் கரிபடிந்தும் கோணியும் இருந்த அவ்விளக்குகளுள் எண்ணெய் கசியாதவை சிலவே. ஆயினும் அன்றிரவு வீட்டுக்குள் போக மனமின்றி நாம் அனைவரும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம்.