இலையில வெள்ளையா இருந்தா நோயா? எடெல்வைஸும் சாம்பல் நோயும்

பால்கனி ரோஜா இலையில் மாவு தூவியதுபோல வெள்ளை. ஆல்ப்ஸ் மலையில் பூக்கும் எடெல்வைஸ் செடியிலும் வெள்ளைதான். போட்டோவில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம். ஆனால் ஒன்று செடி தானே போட்டுக்கொண்ட கவசம். இன்னொன்று அதன் சத்தை உறிஞ்சும் பூஞ்சை. மாற்றிப் புரிந்துகொண்டால், நல்ல செடிக்கு மருந்து அடிப்போம். நோய் வந்த செடியைச் சும்மா விட்டுவிடுவோம்.

எடெல்வைஸ் ஏன் வெள்ளை?

ஆஸ்திரியாவின் 2 சென்ட் நாணயத்தில் இருக்கும் பூ இது. சூரியகாந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் 1,800 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் வளரும். வெள்ளை இதழ் என்று நாம நினைப்பது இதழே இல்ல, மென்முடி மூடிய இலைகள். நடுவில் உள்ள குட்டி மஞ்சள் கொத்துகள்தான் நிஜப் பூக்கள்.

அவ்வளவு உயரத்தில் புற ஊதாக் கதிர்களின் தாக்கம் அதிகம். அந்த முடிகளில் உள்ள நுண்ணிய இழைகள் புற ஊதாவை உறிஞ்சிக்கொண்டு, ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகின்றன என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 2005-ல் விளக்கினர். சுருக்கமா சொன்னா, செடியோட சன்ஸ்கிரீன்.

சாம்பல் நோய் என்ன செய்யும்?

இங்கே வெள்ளையாகத் தெரிவது பூஞ்சையின் இழைகளும் வித்துகளும். இலையின் மேல்தோல் செல்களுக்குள் உறிஞ்சு உறுப்புகளை இறக்கிச் சத்தை எடுக்கும். இலை நனைந்தால்தான் வரும் என்பதில்லை. காற்றில் ஈரப்பதம் இருந்தாலே போதும்.

சின்ன விஷயம் இல்ல. வட அமெரிக்காவிலிருந்து வந்த திராட்சைச் சாம்பல் நோய் 1845-ல் இங்கிலாந்தில் தெரியவந்தது. பத்தே ஆண்டுக்குள் பிரான்ஸின் ஒயின் உற்பத்தியையே சரித்துவிட்டது. கடைசியில் தோட்டங்களைக் காப்பாற்றியது கந்தகத்தூள்.

எப்படி கண்டுபிடிப்பது?

விரலால் தேய்த்துப் பார்ப்பது மட்டும் போதாது. நம்ம ஊர் எருக்க இலையின் இயல்பான வெள்ளைகூட கையில் ஒட்டும். இந்த மூன்றையும் பாருங்க:

• அமைப்பு: செடியின் சொந்த முடி இளந்தளிரிலிருந்தே சீராக இருக்கும். நோய் வட்டவட்டத் திட்டாகத் தொடங்கும்.

• பரவல்: திட்டு நாளுக்கு நாள் பெரிதாகி, பக்கத்து இலைக்கும் போனால் பூஞ்சைதான்.

• இலையின் நிலை: சுருளுதா, மஞ்சளாகுதா? அப்படியானால் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நோய் என்று தெரிந்தால் பாதித்த இலைகளை வெட்டி அப்புறப்படுத்துங்க. செடிகளுக்கு இடையே காற்றோட்டம் விடுங்க. கந்தகம் அடிப்பதாக இருந்தால், கொளுத்தும் வெயில் நேரத்தில் வேண்டாம்; இலை கருகிவிடும்.

சந்தேகமா இருந்தா இன்னைக்கு ஒரு போட்டோ எடுத்து வைங்க. மூணு நாள் கழிச்சு அதே இலையை இன்னொரு போட்டோ எடுத்து ஒப்பிடுங்க. அதுக்கப்புறம் மருந்தைப் பத்தி யோசிக்கலாம்.