கைக்கேற்ற கித்தார்

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் பாட்டிமார் அடிக்கடி எடுத்துவிடும் பழமொழி. தன் குறையை மறைக்க இடத்தின்மீது பழி போடுவோரை இது நன்றாகவே இடித்துரைக்கிறது. ஆனால் கித்தாரைப் பொறுத்தவரை இப்பழமொழியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில், இங்கே பல வேளைகளில் கூடம் உண்மையாகவே கோணலாக இருந்துவிடுகிறது!

ஆசையோடு கித்தார் கற்கத் தொடங்கும் பெண்களில் பலர் சில வாரங்களிலேயே சோர்ந்து போகின்றனர். விரல் நுனி எரிகிறது, கை எட்டவில்லை, தந்தி அழுந்தவில்லை. “எனக்கு இசை வராது” என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு கருவியை அலமாரியின் மேல் ஏற்றிவிடுகின்றனர். குறை விரலிலா, கருவியிலா என்று எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. கையால் செய்யப்படும் நல்ல கித்தார் எப்படி உருவாகிறது, அதில் நமக்கேற்றது எது என்று அறிந்துகொண்டால் இக்கேள்விக்கு நாமே விடை காணலாம். தோழியரே, அதனைச் சற்றே ஆராய்வோம்.

பலகைக்குள் உறங்கும் ஒலி

வீணையை அறிந்தவர்களுக்குக் கித்தாரின் உறுப்புகள் புதியவை அல்ல. வீணையின் குடத்துக்கு நிகரானது கித்தாரின் உடற்பெட்டி. தண்டிக்கு நிகரானது அதன் கழுத்து. தந்திகளைத் தாங்கும் குதிரை இரண்டிலும் உண்டு. வீணையின் 24 மெட்டுகளைப் போலவே கித்தாரின் கழுத்திலும் உலோக மெட்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. இவற்றை ஃபிரெட் என்பர்.

மெல்லிய தந்தி தானாகக் காற்றை அதிகம் அசைத்துவிடாது. அதன் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்கு இறங்குகிறது. அகன்ற அப்பலகை அதிர்ந்து, பெட்டிக்குள் இருக்கும் காற்றையும் அதிரச் செய்கிறது. ஆகவே மேற்பலகையே கித்தாரின் உயிர். அதன் தடிப்போ ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். ஆனால் ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுக்கின்றன. எஃகுத் தந்திகளாயின் சுமார் 70 கிலோ! இவ்விழுப்பைத் தாங்குவதற்காகப் பலகையின் உட்புறம் மெல்லிய மரச் சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. சட்டம் தடித்தால் ஒலி மங்கும். மெலிந்தால் பலகை வளையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒற்றையடிப் பாதையைக் கண்டுபிடிப்பதே கைவினைஞரின் திறமை.

ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் பிறந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) என்னும் கைவினைஞர் இச்சட்டங்களை விசிறி விரித்தாற்போல் அமைத்துப் பெரும்புகழ் பெற்றார். இன்றைய செவ்வியல் கித்தாரின் தந்தை என்று அவரைச் சொல்லலாம். மேற்பலகையின் பெருமையை உலகுக்குக் காட்ட 1862-இல் அவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் செய்து, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் அமைத்துவிட்டார்! அந்தக் கித்தார் இன்றும் பார்சிலோனா இசைக் காட்சியகத்தில் உள்ளது. முதுகில் பளபளக்கும் விலையுயர்ந்த மரத்தைக் கண்டு மயங்குகிறவர்கள் இதனை நினைவிற்கொள்வது நல்லது.

ஒரே மரத்தில் அறுத்த இரு பலகைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. தொழிற்சாலையில் எல்லாப் பலகைகளும் பெரும்பாலும் ஒரே தடிப்பில் அறுக்கப்படுகின்றன. கைவினைஞரோ ஒவ்வொரு பலகையையும் விரலால் தட்டி, காதால் கேட்டு, சிறிது சிறிதாகச் சீவுகிறார். பக்கப் பலகைகளை நீர் தெளித்து, சூடான இரும்புக் குழாயின்மேல் அழுத்தி வளைக்கிறார். மெருகு பூசுவதற்குப் பலர் இன்றும் அரக்கையே பயன்படுத்துகின்றனர். கைவினைக் கித்தாரின் விலை உயர்ந்திருப்பதற்கு இந்த உழைப்பே காரணம்.

மெக்சிகோ நாட்டிலுள்ள பராச்சோ என்னும் ஊரில் இத்தொழிலே பலருக்கும் வாழ்வளிக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் அப்பகுதியின் முதல் ஆயராக இருந்த வாஸ்கோ தெ கிரோகா, ஊருக்கொரு கைத்தொழில் என்று பழங்குடி மக்களுக்குக் கற்பிக்க வழி செய்தார். கித்தார்த் தொழிலும் அவரால் வந்ததே என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

மரமும் குரலும்

மேற்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்புரூஸ் அல்லது செடார் மரம் பயன்படுகிறது. வெளிர்நிறமுடைய ஸ்புரூஸ் தெளிவான, கணீரென்ற ஒலி தரும். வாசிக்க வாசிக்கப் பல ஆண்டுகளில் அதன் குரல் மலரும் என்பது வாசிப்போர் கருத்து. செந்நிறமுடைய செடார் முதல் நாளிலிருந்தே கனிந்த ஒலி தரும். மென்மையாக மீட்டினாலும் பேசும். அழுத்தி வாசிப்பவர்களுக்கு முன்னது, மெல்ல வாசிப்பவர்களுக்குப் பின்னது என்று பொதுவாகச் சொல்லலாம். முதுகுக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி மரம் ஆழமான நாதம் தரும். மகோகனி அடக்கமான, தெளிவான நாதம் தரும். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ நடனத்துக்கு வாசிப்போர், எடை குறைந்த சைப்ரஸ் மரத்தை விரும்புவர். அதன் ஒலி பட்டென்று எழுந்து பட்டென்று அடங்கும்.

பாட்டுக்கேற்ற வடிவம்

“எது சிறந்த கித்தார்?” என்று கேட்பதைவிட, “நாம் எதைப் பாடப் போகிறோம்?” என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1818-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூர் ஆலயத்தில், “சைலண்ட் நைட்” பாடல் முதன்முதலாகப் பாடப்பட்டது. அதனை எழுதிய அருட்தந்தை யோசேஃப் மோரும், இசையமைத்த ஃபிரான்ஸ் குரூபரும் பாட, மோரின் கித்தார் மட்டுமே துணை நின்றது. சிறிய ஆலயத்தில் இரு குரல்களுக்குச் சிறிய கித்தாரே போதுமானதாக இருந்தது.

கூட்டம் பெருகப் பெருகக் கருவியும் பெருத்தது. ஜெர்மனியில் பிறந்து 1833-இல் நியூயார்க் சென்ற சி. எஃப். மார்ட்டின் தொடங்கிய நிறுவனம், சட்டங்களைப் பெருக்கல் குறிபோல் குறுக்காக அமைக்கும் முறையைப் பரப்பியது. பின்னாளில் எஃகுத் தந்தியின் கடும் இழுப்பைத் தாங்க அதுவே உதவிற்று. 1916-இல் அந்நிறுவனம் செய்த பெரிய கித்தாருக்கு ஒரு போர்க்கப்பலின் பெயரே சூட்டப்பட்டது. அதுதான் “டிரெட்நாட்”. இன்று கடைகளில் நாம் அதிகம் காணும் பருத்த வடிவம் இதுவே. பலர் கூடிப் பாடும்போது இதன் முழக்கம் பொருத்தமாக இருக்கும். ஆனால் மெல்லிய குரலில் தனித்துப் பாடும் பெண்ணை இது அமுக்கிவிடும்.

கையளவும் கருவியளவும்

வழக்கமான செவ்வியல் கித்தாரில் தந்தியின் நீளம் 65 செ.மீ. அதில் முதல் நான்கு மெட்டுகள் மட்டும் சுமார் 13.4 செ.மீ. இடத்தை எடுத்துக்கொள்கின்றன. தந்தி நீளம் 58 செ.மீ. உள்ள சிறிய கித்தாரில் அதே நான்கு மெட்டுகளும் 12 செ.மீ.-க்குள் அடங்கிவிடும். சிறிய கைக்கு இந்த ஒன்றரை சென்டிமீட்டர் எவ்வளவு பெரிது என்பதை வாசிப்பவர்களே அறிவர்! கழுத்தின் தலைப்பக்க அகலமும் அப்படியே. நைலான் தந்திக் கித்தாரில் அது சுமார் 52 மி.மீ.; எஃகுத் தந்திக் கித்தாரில் 43 அல்லது 44 மி.மீ. முன்னதில் தந்திகளுக்கிடையே இடம் தாராளம். பின்னதில் சிறிய கைக்குப் பிடி எளிது, ஆனால் விரல் நுனிக்கு வலி அதிகம்.

இவற்றினும் முக்கியமானது, மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள உயரம். 12-ஆம் மெட்டில் அளந்தால் எஃகுத் தந்திக்கு 2 முதல் 3 மி.மீ., நைலான் தந்திக்கு 3 முதல் 4 மி.மீ. இருப்பது நலம். நம் ஜாமெட்ரிப் பெட்டியிலுள்ள அளவுகோலே இதற்குப் போதும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தன் அண்ணனின் எஃகுத் தந்திக் கித்தாரில் பயின்று, விரல் வலி தாளாமல் கைவிட இருந்தாள். இசையாசிரியை அளந்து பார்த்தபோது உயரம் 4 மி.மீ.-ஐத் தாண்டியிருந்தது. குதிரைமேல் தந்திகள் அமரும் எலும்புப் பட்டையின் அடிப்பக்கத்தைப் பழுது பார்ப்பவர் தேய்த்துக் கொடுத்தார். செலவு சொற்பம்; தோழியோ இன்றும் வாசிக்கிறாள். இதில் நம் கணிதப் பாடமும் அடங்கியிருக்கிறது. 12-ஆம் மெட்டு தந்தியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே 1 மி.மீ. தாழ வேண்டுமெனில் குதிரையில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். வடிவொத்த முக்கோணங்களைப் படித்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

கனடா நாட்டில் லிண்டா மான்சர் என்னும் பெண்மணி உலகப் புகழ்பெற்ற கித்தார்க் கைவினைஞராக விளங்குகிறார். 1984-இல் பாட் மெத்தேனி என்னும் இசைக்கலைஞருக்காக 42 தந்திகள் கொண்ட ஒரு கித்தாரை அவர் செய்தார். அதன் உடலை ஒரே தடிப்பில் அமைக்காமல், கை சாயும் மேற்பக்கத்தில் மெலிந்தும், தொடைமேல் அமரும் கீழ்ப்பக்கத்தில் பருத்தும், ஆப்புப்போல் அமைத்தார். தோளும் கையும் வருந்தாமல் வாசிக்க அது வழி செய்தது. மனிதர் கருவிக்காக வளைய வேண்டியதில்லை, கருவியே மனிதருக்காக வளையலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கடையில் நாம் செய்ய வேண்டியவை

1. ஒலித்துளையின் விளிம்பை உற்று நோக்குக. மேலே காணும் மரவரிகள் விளிம்பிலும் தொடர்ந்தால் அது முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். பிளைவுட் உறுதியானது, ஆயினும் முழுப்பலகையின் நாதம் அதற்கு வாராது.

2. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைப்பக்கத்திலிருந்து கழுத்தைப் பார்க்க. அது முறுக்கிக்கொண்டிருந்தால் வாங்கற்க.

3. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் மீட்டுக. எங்கேனும் கரகரத்தால் மெட்டு சமமாக இல்லை என்று பொருள்.

4. வெறுந்தந்தியை மீட்டுக. பின் 12-ஆம் மெட்டில் அழுத்தி மீட்டுக. கீழ் ஷட்ஜமமும் மேல் ஷட்ஜமமும் போல இரண்டும் இசைந்து ஒலிக்க வேண்டும்.

5. வேறொருவரை வாசிக்கச் சொல்லி ஆறடி தள்ளி நின்று கேட்க. கித்தாரின் ஒலி முன்னோக்கிச் செல்வதால், வாசிப்பவர் கேட்பதும் எதிரே இருப்பவர் கேட்பதும் வேறு.

6. பத்து நிமிடம் மடியில் வைத்து அமர்ந்து, நமக்குப் பிடித்த பாடலை நம் குரலிலேயே பாடிப் பார்க்க. தோள் உயர்ந்தால், மணிக்கட்டு மடங்கி வலித்தால், அக்கருவி நமக்குரியதன்று.

கைவினைஞரிடம் செய்யச் சொல்வோர் கை நீளம், பாடும் சுருதி, விரலால் வாசிப்பதா வில்லையால் வாசிப்பதா என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். “நல்லதாகச் செய்து கொடுங்கள்” என்று மட்டும் சொன்னால் அவர் யாருக்கென்று செய்வார்?

நம் மலையின் ஈட்டி மரம்

உலகின் சிறந்த கித்தார்கள் பலவற்றின் முதுகில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் இருக்கிறது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. முன்னாளில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரமே பெரிதும் பயன்பட்டது. அது அருகிப் போகவே, 1969-இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. 1992-இல் பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகம் “சைட்டிஸ்” ஒப்பந்தத்தால் தடுக்கப்பட்டது. நம் மாநிலத்திலும் ஈட்டி மரங்களைக் காப்பதற்கென்றே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. 2017-இல் ஈட்டி இன மரங்கள் அனைத்துமே சைட்டிஸ் கண்காணிப்புக்குள் வந்தன. 2019-இல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வளரப் பல பத்தாண்டுகள் எடுக்கும் மரம் அது. ஆகவே வேறு மரத்தில் நல்ல நாதம் கிடைக்குமாயின் அதனைத் தேர்வதில் இழுக்கில்லை. தோரெஸின் அட்டைக் கித்தார் நமக்குக் கற்பிப்பதும் அதுதானே!

வாங்கிய கருவியைக் காப்பதும் நம் பொறுப்பு. மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் மேற்பலகை உப்பித் தந்தி உயர்ந்துவிடுவதுண்டு. எனவே வெயில் படும் சன்னலோரத்திலும் ஈரச் சுவரிலும் சாய்த்து வைக்காமல், உறையிலிட்டு வைக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறந்தநாள் பரிசாகத் திடீரெனக் கித்தார் வாங்கித் தருவதைவிட, மகளையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவள் கையால் பிடித்துப் பார்க்கட்டும்; அவள் குரலில் பாடிப் பார்க்கட்டும். கைவினைக் கித்தார் வாங்க எல்லா இல்லங்களிலும் வசதி இராது. ஆனால் விலை குறைந்த கருவியையும் நம் கைக்கேற்பத் திருத்திக்கொள்ள முடியும். தோழியரே, “எனக்கு வராது” என்று சொல்வதற்கு முன், அளவுகோலை எடுத்துத் தந்தியின் உயரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி