ஒரு கண் ஆபரேஷனுக்கு எவ்வளவு குப்பை?

குத்துக்கல்வலசையில் எங்கள் தெருக்காரர்கள் கண்புரை ஆபரேஷன் என்றால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுவார்கள். ஆபரேஷன் தியேட்டர் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார்: "ஏம்மா, அரவிந்துல ஒருத்தருக்குப் போட்ட கவுனோடயே அடுத்தவுகளுக்கும் ஆபரேசன் பண்ணுதாவளாமே, அது நல்லதா?"

நல்லதுதான் என்றேன். அங்கே கையுறையைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்துகொண்டு அடுத்த மேசைக்குத் திரும்புவார் டாக்டர். கருவிகள் நீராவியில் கிருமி நீக்கப்பட்டு மறுபடி வரும். ஒரு பாட்டில் சொட்டு மருந்து பலருக்குப் பயன்படும். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை ஆபரேஷன்களை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்தியவர்களில், கண்ணுக்குள் கடும் தொற்று வந்தது 10,000 பேரில் 2 பேருக்குத்தான்.

அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு குப்பையை எடை போட்டது. அரவிந்தில் ஒரு கண்புரை ஆபரேஷனுக்குக் கால் கிலோ குப்பை. மின்சாரம், பொருள் தயாரிப்பு எல்லாம் சேர்த்தால் கரியமில வாயுக் கணக்கில் சுமார் 6 கிலோ. பிரிட்டனில் இதே ஆபரேஷனுக்கு ஆவதில் ஏறக்குறைய 20-இல் ஒரு பங்கு இது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பச்சைத் துணிகளைத் துவைத்து, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, டிரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவில் வைப்போம். பிறகு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பொட்டலங்கள் வந்தன. பிளாஸ்டிக் உறை, அதற்குள் நீல உறை, அதற்குள் விரிப்பு, கவுன், தட்டு, சின்னக் கிண்ணம். ஒரு சொட்டு மருந்துகூடப் படாத கிண்ணமும் மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பைக்குத்தான் போகும். மஞ்சள் பைக்குப் போவதோ பெரும்பாலும் எரியூட்டப்படுகிறது. கழிவு ஒழுங்காகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி கொடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கொட்டிக்கிடந்த கேரள மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகுதான் லாரிகளில் திருப்பி அள்ளிப் போனார்கள்.

மயக்க மருந்திலும் இந்தக் கரியமில வாயுக் கணக்கு உண்டு. டெஸ்ஃபுளுரேன் என்ற மயக்க மருந்து 1 கிலோ காற்றில் கலந்தால், சுமார் 2,500 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். இதே வேலையைச் செய்யும் செவோஃபுளுரேனின் பாதிப்பு அதைவிடப் பல மடங்கு குறைவு. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரியிலிருந்து, தவிர்க்கவே முடியாத இடம் தவிர, டெஸ்ஃபுளுரேனுக்குத் தடை போட்டது.

அதற்காக எல்லாவற்றையும் திரும்பப் பயன்படுத்தலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊசியும் சிரிஞ்சும் ஒருவருக்கு ஒரு முறைதான். அதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. எதைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதைத் தொற்றுக் கணக்கு சொல்ல வேண்டும், விற்பவர் சொல்லக் கூடாது.

மருத்துவத் தொழில்நுட்பங்களை மதிப்பிடவென்றே மத்திய அரசு 2017-இல் ஓர் அமைப்பைத் தொடங்கியது. பலன் எவ்வளவு, செலவு எவ்வளவு, ஏழைக்கும் கிடைக்குமா என்பவையே அங்கே முதன்மையான கேள்விகள். மூன்றும் அவசியம். நான்காவதாக, பயன்படுத்திய பின் எவ்வளவு குப்பை, அது எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்குக் கொள்முதல் செய்யும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், டெண்டரில் இந்தக் கேள்வியைச் சேர்த்து நமக்கு வழிகாட்டட்டும்.