நிரூபிக்கப்படாத பூட்டு

வங்கிச் செயலியில் அனுப்பும் பணமும் வாட்ஸாப்பில் அனுப்பும் செய்தியும் நடுவழியில் பிறர் கண்ணில் படாமல் போய்ச் சேர்கின்றன என்றால், போட்டு முடிக்க நெடுங்காலம் பிடிக்கும் கணக்குகளே காரணம். அவற்றுள் புகழ்பெற்றது 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் வகுத்த ஆர்எஸ்ஏ முறை. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடி வேலை; பெருக்கற்பலனை மட்டும் கொடுத்து அவ்விரண்டையும் கேட்டால் திணறிவிடும். இதற்குக் குறுக்குவழியே கிடையாது என்று இதுவரை எவரும் நிரூபிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஓர் எண் பகா எண்தானா என்று விரைவாகவும் பிசகில்லாமலும் சொல்லும் வழிகூட நெடுநாள் அகப்படாமல்தான் இருந்தது. 2002இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும் மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனாவும் அதைக் கண்டார்கள். ஆர்எஸ்ஏ அதனால் உடையவில்லை; காரணிப்படுத்துவது வேறு வேலை. ஆனாலும் 'யாருக்கும் கிடைக்கவில்லை' என்பது 'கிடைக்கவே கிடைக்காது' ஆகிவிடாது.

அப்படியானால் இதை நம்பலாமா? நம்பலாம் என்பதே என் கட்சி. ஊரறிய அடித்துப் பார்த்த பூட்டு இது. 1977இல் 129 இலக்க எண் ஒன்றைச் சவாலாக வெளியிட்டபோது, அந்நாளைய முறைகளில் அதைப் பிரிக்க 400 கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். 1994இலேயே சுமார் 600 தன்னார்வலர்கள் இணையம் வழியே கூடிப் பிரித்துவிட்டார்கள். எண் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்ற தெளிவு இத்தகைய தோல்விகளில் பிறந்ததே. அதேபோல, குவாண்டம் கணினிக்கும் ஈடுகொடுக்கும் என எதிர்பார்க்கப்பட்ட சைக் என்ற புதிய முறை, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் பரிசீலனையில் இருக்கும்போதே 2022இல் விழுந்தது. சாதாரணக் கணினி ஒன்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்தது. முறையையே ரகசியமாக வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஜிஎஸ்எம் செல்பேசிகளின் ஏ5/1 என்ற பூட்டு முறை அப்படித்தான் மூடி வைக்கப்பட்டது. 1999க்குள் அதன் அமைப்பு முழுவதும் அம்பலமாகி, பலவீனங்களும் வெளிவந்தன. அதற்குள் கோடிக்கணக்கான கைகளில் அது புழங்கிக்கொண்டிருந்தது.

வலுவான ஆட்சேபம் வேறொன்று உண்டு. போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி வந்தால் ஆர்எஸ்ஏ உடையும் என்று பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டிவிட்டார். இன்றைய செய்தியைப் பூட்டோடு சேமித்து வைத்து அன்று திறப்பவரை எந்தப் பொதுச் சோதனையும் தடுக்காது. குவாண்டம் கணினிக்கு ஈடுகொடுக்கும் புதிய முறைகளுக்கான தரங்கள் 2024 ஆகஸ்டில் வெளியாகிவிட்டன. இன்றைய உரையாடலுக்கு அவசரமில்லாமல் இருக்கலாம். முப்பது ஆண்டுகள் மறைந்திருக்க வேண்டிய மருத்துவப் பதிவுகளை இப்போதே அப்புதிய முறைகளுக்கு மாற்றியாக வேண்டும்.