தெரிந்த முகம்

எந்த ஊரானாலும், நம் வீடுகளில் ஒருவருடைய முகம் சுவரேறுவது பெரும்பாலும் அவர் போன பிறகுதான். சந்தனப் பொட்டும் மாலையுமாக, எல்லா முகமும் ஒன்றுபோல விறைத்து நிற்கும். உயிரோடு இருக்கும் அக்காவையும் மருமகளையும் உட்காரவைத்து வரைவது அதற்கு நேர் எதிரான வேலை. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, 2021-இல் கொரோனாவில் நாம் பறிகொடுத்த ஓவியர் இளையராஜா அதைத்தான் செய்தார். அவர் தைல வண்ணத்தில் தீட்டிய பெண்கள் பலர் அவருடைய உறவுக்காரர்களே. வாசல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழ, கறுத்த தோலின் மினுமினுப்பும் வெளுத்துப்போன சேலை மடிப்பும் கூடத் தப்பாமல் வந்திருக்கும். சிவப்பே அழகு என்று விளம்பரங்கள் சொல்லும் நாட்டில், 'நாங்கள் இப்படித்தான் இருக்கிறோம்' என்று அந்த முகங்கள் சொல்கின்றன.

இதற்கு செல்போன் போதாதா என்று கேட்கலாம். போட்டோ ஒரு நொடியைப் பிடிக்கிறது. தூரிகையோ பல நாள் பார்த்ததைச் சேர்க்கிறது. சொந்தக்காரர்களை வரைந்தால் அழகுபடுத்திவிடுவோம் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். இளையராஜாவின் படங்களிலும் வறுமை சற்று மென்மையாகவே தெரிகிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நெருக்கம் எப்போதும் பூசி மெழுகுவதில்லை. ஓவியர் அம்ரிதா ஷெர்கில் தன் தங்கை இந்திராவை மாடலாக வைத்து 1932-இல் வரைந்த 'இளம் பெண்கள்' ஓவியத்தில், எதிரெதிரே அமர்ந்த இருவரில் ஒருத்தியின் முகத்தைக் கூந்தல் பாதி மறைக்கிறது. இந்திய, ஹங்கேரிய ரத்தம் கலந்த ஷெர்கில், தான் யார் என்ற கேள்வியைத் தங்கையின் உருவத்தில் வைத்தே கேட்டிருக்கிறார்.